விழாத கிடா

...நாற்பத்துநாலு ரிவால்வரை மறந்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார், சொல்லிவிட்டுப் போவதற்கு அவருக்கென்ன, அவருக்கு அது ஒரு எண், எனக்கோ இருபத்திரண்டு வருடத்துச் சனிக்கிழமைகள், என் கட்டைவிரல் மூட்டைத் திறந்து தேய்ந்த எலும்பைச் சீவி எடுத்துத் தையல் போட்ட மனுஷனுக்கு, இருநூறு கஜத்துக்கு அப்பால் குறியாக நிற்கிற இரும்புத் தகட்டுக் கிடாவை ஒரு ரிவால்வரால் சாய்ப்பதில் என்ன இருக்கிறது என்று எங்கே புரியப்போகிறது, "ஏங்க, ரைஃபிள்ல சுட்டா ஆகாதா?" என்று கேட்டாரே... ரைஃபிளால் சுடுவதற்கு நான் எதற்கு, அதை எவனும் சுடுவான். உதை குறைவான அளவாகப் பாருங்கள் என்றார், சரி, இதோ மேசைமேல் இரண்டு கிடக்கின்றன, இரண்டும் என் சிநேகிதன் டெல்லுடையவை, ஒன்றை எனக்கு விற்கிறான், பன்னிரண்டு மணிக்கு வந்துவிடுவான், நான் வேண்டாம் என்பது அவன் மச்சானோடு நெவாடாவுக்குப் போய்விடும், அப்புறம் கெஞ்சினாலும் வராது. ஒன்று முந்நூற்று ஐம்பத்தேழு, குண்டு ஒல்லி, வேகம் அதிகம், நேராகப் போகும், கையைத் தட்டிவிட்டு விட்டுவிடும். மற்றது நாற்பத்தைந்து, தடித்த குண்டு, ஆடி அசைந்து போய்ச் சேருவதற்குள் ஆளுயரத்துக்கு மேல் இறங்கிவிடும், வானத்தைப் பார்த்து ஏந்தவேண்டும், ஆனால் பட்டால் கிடா சாயும். எங்கள் துப்பாக்கிக் களத்துச் சட்டம் ஒன்றே ஒன்று, சாயாத கிடா கணக்கில்லை, எத்தனை அழகாக மணி அடித்தாலும்.

தப்பானதை எடுத்தால் அடுத்த குளிர்காலத்துக்குள் கை போய்விடும், போகட்டும், கையைப் பற்றி நான் ரொம்பக் கவலைப்படவில்லை, ஆனால் சனிக்கிழமையும் போய்விடுமே. என் மனைவி நெட்ராவும் நானும் வீட்டில் என்ன பேசிக்கொள்கிறோம், குப்பைவண்டி வந்ததா, மருந்து தின்றாயா, அவ்வளவுதானே. இங்கே களத்துக்கு வந்தால் நான் சுடுவேன், அவள் முக்காலித் தொலைநோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு எங்கே பட்டது என்று சொல்வாள், இடது, ஒரு சாண் கீழே, இப்போ சரி... அவள் வாய்ச்சொல் இல்லாமல் ஒரு நாளும் நான் குறியைத் திருகியதில்லை, என் கண்ணை நம்பினதைவிட அவள் சொல்லை நம்பினதுதான் அதிகம். இந்தச் சனிக்கிழமைகளை நான் எவ்வளவு நேசிக்கிறேன் என்று அவளிடம் சொன்னதே இல்லை. அவளோ நாலு வாரமாக ஒரே பிடிவாதம், நாற்பத்தைந்துதான் வேண்டும் என்று. "தொப்புன்னு விழணும் வெர்லின், டிங்குன்னு அடிச்சிட்டு அப்படியே நிக்கிறது ஒரு சூட்டிங்கா?" கை யாருடையது என்று நானும் கேட்கவில்லை.

சரி, காலையில் அதைத்தான் முதலில் எடுத்தேன், ஐந்து தோட்டா, வரிசையில் ஐந்து கிடா. ராத்திரி பெய்த மழையில் பின்னாலிருந்த மண்மேடு நனைந்து கறுத்துக் கிடந்தது, தூசி பறக்காது, ஆனாலும் நாற்பத்தைந்து பட்ட இடத்தில் சேறு கட்டிகட்டியாகத் தெறித்தது. "எட்டல, ரெண்டு முழம் எட்டல," என்றாள், ஏற்றிப் பிடித்தேன், "விழுந்திருச்சு! விழுந்திருச்சுடா கிழவா!" என்று மேசையில் தட்டினாள், அறுபத்தெட்டு வயதில் என்ன குதி. அப்புறம் ஒன்று தலைக்கு மேலே, ஒன்று பக்கத்தில், கடைசியில் இன்னொன்றும் சாய்ந்தது, அவள் சொன்னது ஒவ்வொன்றும் சுத்தம். ஆனால் ஐந்தாவதற்குள் கட்டைவிரல் அடியிலிருந்து முழங்கைவரை சுள்ளென்று ஏறி... கையை ஜாக்கெட் பைக்குள் விட்டுக்கொண்டு, காப்பி இருக்கா என்று கேட்டேன். நல்லவேளை, அவள் குடுவையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

பிறகு முந்நூற்று ஐம்பத்தேழு. அட, கையில் உட்கார்ந்த விதமே வேறு, ஒவ்வொரு முறையும் விசையை ஒரே மாதிரி இழுத்தேன் என்று எனக்கே தெரிந்தது, நடுவிலிருந்த கிடாவின் அடிவயிற்றில்தான் நுனிக்குறி நின்றது, ஆடவில்லை, அசையவில்லை. ஒரு நொடி கழித்து டிங். "கழுத்து," என்றாள். மறுபடி டிங். "பின்னந்தொடை." எப்படி, அவ்வளவு தள்ளியா? டிங், "முன்னங்கால்." டிங், "கொம்புகிட்ட." ஐந்தாவது சத்தமே இல்லை, மண். நாலு பட்டும் கிடா அப்படியே நின்றது, சரி, அதுகூடப் பரவாயில்லை, வயிற்றுக்கு வைத்தது கழுத்துக்கும் தொடைக்கும் போனால் அது துப்பாக்கியா, கோழிக்குத் தானியம் வீசுகிற கையா? "நான்தான் சொன்னேனே, அது செதறுது, கொண்டுபோய் அவன்கிட்டயே குடு," என்றாள் நெட்ரா. எனக்கு எரிச்சல். துப்பாக்கிமேல் எரிச்சலா, அவ்வளவு ஒழுங்காக இழுத்தேன் என்று நம்பிய என்மேலேயா? அப்படியானால் நாற்பத்தைந்துதான், கை போகிறவரை போகட்டும், வேறென்ன.

இரண்டு ரிவால்வரின் சிலிண்டர்களையும் திறந்து வைத்துவிட்டு, சிவப்புக் கொடியை ஏற்றிவிட்டு, வெள்ளை பெயின்ட் டப்பாவோடு நடந்தேன், விழுந்த இரண்டையும் நிமிர்த்தவேண்டும், பட்ட இடங்களில் பூசவேண்டும். சேற்றில் பூட்ஸ் ஒட்டிக்கொண்டே வந்தது, சேஜ் புதர் மழைக்குப் பிறகு வீசுகிற அந்த வாசம்... நாற்பத்தைந்துக்குத் தோட்டா தயாரிக்கும்போது வெடிமருந்தைக் கொஞ்சம் குறைத்துப் பார்க்கலாமா, குறைத்தால் கிடா சாயுமா, என்றெல்லாம் நினைத்துக்கொண்டே நடுக்கிடாவின் முன்னால் போய் நின்றேன். கழுத்தில் ஒன்றும் இல்லை. பின்னந்தொடையில் ஒன்றும் இல்லை. கால், கொம்பு, எல்லாம் போன வாரம் அடித்த பெயின்ட் பளபளவென்று. அடிவயிற்றில் நாலு ஈயக்கறை, பக்கத்தில் பக்கத்தில், உள்ளங்கையை வைத்தேன், நாலும் மறைந்துவிட்டன. என் ஆயுளில் இருநூறு கஜத்தில் இப்படி நான் சுட்டதில்லை. சந்தோஷப்பட வேண்டிய மனுஷன், இரும்பில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். அவள் பார்க்கவில்லை. சத்தத்தைக் கேட்டாள், கேட்டு, வாயில் வந்த உறுப்பைச் சொன்னாள். சேறு தெறித்தால் தெரிகிறது, கிடா சாய்ந்தால் தெரிகிறது, அதனால்தான் நாற்பத்தைந்து, அதனால்தான் அந்தப் பிடிவாதம், அட நெட்ரா... போன மாதம் கண்ணாடி இல்லாமலே ஊசியில் நூல் கோத்து, "வயசு திரும்புது பாரு," என்று என் மூக்குக்கு நேரே ஆட்டினாளே, எங்கம்மாவுக்குக் கண்புரை வந்தபோதும் முதலில் அப்படித்தான், கிட்டத்தில் இருப்பது பளிச்சென்று தெரியும், தூரம் பால்போல ஆகிவிடும், எனக்கு ஏன் உறைக்கவில்லை? அப்படியானால் போன வருஷம் முழுக்க நான் தவறவிட்டதெல்லாம் கையால்தானா, இல்லை அவள் இடது என்றதால் வலதுக்குப் போனதா? ஏன் சொல்லவில்லை? சொன்னால் என்ன ஆகியிருக்கும், டாக்டரிடம் போயிருப்போம்... சொல்லாமல் இருக்க எவ்வளவு பயந்திருக்கவேண்டும். நாலு கறைமேலும் பெயின்ட் அடித்தேன்.

திரும்பி வந்தபோது தொலைநோக்கியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "எங்க பட்டிருக்கு?" என்றாள், சும்மா கேட்பதுபோல. "நீ சொன்ன எடத்துலதான்," என்றேன். அவள் கை நின்றது. "நாலுமா?" "நாலும். கழுத்து, தொடை, கால், கொம்பு." பெரிய உதவி செய்துவிட்டதாக நினைப்பு எனக்கு. அவள் சிரிக்கவில்லை, நான்தான் சொன்னேனே என்று சொல்லவில்லை, தொண்ணூறு தடவை சொல்லியிருக்கவேண்டியவள். துணியை மடித்தாள், இன்னொரு முறை மடித்தாள். அதற்குள் டெல்லின் வண்டி வந்து நின்றது, கதவை அறைந்து சாத்திவிட்டு, "என்னப்பா, கல்யாணப் பொண்ணு யாரு, முடிவாச்சா?" என்று ஊரைக் கூட்டிக்கொண்டு வந்தான். நாற்பத்தைந்து என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சத்தியமாக அதைத்தான். "முந்நூத்து அம்பத்தேழு," என்றாள் நெட்ரா. "அவன் கையப் பாரு, வீங்கிக் கெடக்கு." "அதுல கிடா சாயாதேம்மா," என்றான் டெல். "சாயாட்டா போகுது. நடந்து போய்ப் பாத்துக்குவான்." என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, டெல்லைப் பார்த்தும் சொல்லவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, பார்க்காமல் சொன்ன நாலு இடமும் எப்படிச் சரியாக இருக்கும், ஒன்றிரண்டு தப்பு என்று நான் சொல்லியிருந்தாலாவது அவள் நம்பியிருப்பாள்.