மங்கு

தம்பி பெண்டாட்டி இளமதி துணி மடித்துக்கொண்டிருந்த அறைக்குள் மாரியம்மாள் வந்து கதவைச் சாத்தினாள். பிறகு கன்னத்தைத் தொட்டுக் காட்டி, "இந்த மங்கு போறதுக்கு எதுனா இருக்கா?" என்றாள்.

இளமதிக்குச் சிரிப்பு வரவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நாத்தனார் தனக்கென்று ஒரு ஹேர்பின் கேட்டுக்கூட அவள் பார்த்ததில்லை. அப்பா இறந்த பிறகு கடலூர் முதுநகர் மார்க்கெட்டில் மீன் விற்றுத் தம்பி அரசை ஆளாக்கியவள் மாரியம்மாள். கீரப்பாளையத்துப் பெண்ணான இளமதியை அவன் விரும்பினான் என்றதும் நேரில் போய்ப் பேசி முடித்தவளும் அவளே. இதற்கிடையில் தன் கல்யாணம் தள்ளித் தள்ளிப் போய், வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. வெயில் இரண்டு கன்னத்திலும் பழுப்பாய்ப் படர்ந்திருந்தது.

இப்போது சிதம்பரத்திலிருந்து ஒரு வரன். காசிநாதன். மனைவியை இழந்தவர், பிள்ளை இல்லை, மார்க்கெட்டில் மீன்கடை. ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள மங்கு போவாது அண்ணி. மாசக் கணக்காவும். ஆனா முகம் கொஞ்சம் தெளிவாத் தெரியுற மாதிரி ஒண்ணு செஞ்சு தரேன்."

இளமதி பார்மசி படித்தவள், மெடிக்கல் ஷாப்பில் வேலை. முகத்தில் பூசும் சீரத்தைத் தனக்கு வீட்டிலேயே கலந்துகொள்வாள். மறுநாள் சமையல் மேடையைத் துடைத்து, கொதிநீரில் போட்டெடுத்த கண்ணாடிக் குவளையை வைத்தாள். பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் வேண்டாம் என்று மருந்துக் கடையிலிருந்தே சுத்தமான நீர் கொண்டுவந்திருந்தாள். அதில் முகத்தைத் தெளிவாக்கும் நியாசினமைடு தூளைக் கரைத்தாள். கொஞ்சம் கிளிசரின், கெட்டுப்போகாமல் இருக்க ஒரு திரவம் சில சொட்டு. கடைசியாக ஈரம் காக்கும் ஹயலுரானிக் தூளைத் தூவி மூடிவைத்தாள்; அது ஊறி, நொங்குத் தண்ணீர் போலக் குழகுழவென்று ஆனது.

பக்கத்தில் நின்ற மாரியம்மாள், "அவ்ளோதானா? வைட்டமின் சி போடணும்ன்றாங்களே போன்ல?" என்றாள்.

"அதுக்குப் புளிப்பு வேணும் அண்ணி. இதுக்குப் புளிப்பு ஆவாது. வீட்ல ரெண்டையும் ஒரே பாட்டில்ல போட்டா ஒண்ணை ஒண்ணு கெடுத்துக்கும். ஒத்துப்போறதை மட்டும் சேர்த்தாப் போதும்."

புளிப்பைக் காட்டும் காகிதத் துண்டை அதில் நனைத்து நிறம் பார்த்தாள். திருப்தியானதும் நாத்தனாரின் காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு தடவி, "நாளைக்கு வரைக்கும் அரிக்கலைன்னா முகத்துக்குப் போடலாம்" என்றாள். அரிக்கவில்லை. மாரியம்மாள் சின்னப் பாட்டிலைப் புடவைக்கு நடுவில் ஒளித்துவைத்துக்கொண்டாள்.

எல்லாம் சரியாகத்தான் போனது. சனிக்கிழமை காலையில் மார்க்கெட்டில் பக்கத்துக் கடைக்காரி, எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துவிட்டால் ஒரே நாளில் பளிச்சென்று ஆகும் என்றாள். மாரியம்மாளுக்கு ஒரு நாள்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து அரை மூடியைப் பாட்டிலுக்குள் பிழிந்து குலுக்கி, முகமெல்லாம் பூசிக்கொண்டு, திரும்பிப் போய் நடுமத்தியான வெயிலில் மீன்கூடை முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் அறையைவிட்டு வெளியே வரவில்லை. இளமதி கதவைத் தள்ளிக்கொண்டு போனபோது சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். முகம் சிவந்து வீங்கி, கன்னத்தில் தீய்ந்தது போல் கோடுகள்.

"என்னா போட்டீங்க அண்ணி?"

"எலுமிச்சம்பழம். திட்டாத இளமதி."

இளமதி திட்டவில்லை. குளிர்ந்த தண்ணீரால் முகத்தை மெல்லக் கழுவி, ஈரத் துணியை ஒற்றி ஒற்றி எடுத்தாள். வாசலின் மட்டும் பூசினாள். பாட்டிலைக் கழுவுதொட்டியில் கவிழ்த்தாள். மாரியம்மாள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். ஓரத்தில் நீர் வழிந்தது.

"வர வேணாம்னு அரசைப் போன் பண்ணச் சொல்லு."

"அவுங்க பஸ் ஏறிட்டாங்களாம். நாங்க பேசி அனுப்பிடுறோம், நீங்க படுங்க."

காசிநாதன் தனியாகத்தான் வந்தார். வெள்ளைச் சட்டை, தலையில் இறுக்கிக் கட்டிய துண்டு. அரசு காபி கொடுத்துவிட்டு, அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று இழுத்துக்கொண்டிருந்தபோது மாரியம்மாள் தானாகவே வெளியே வந்தாள். முகத்தை மறைக்கவில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நீங்க வர்றீங்கன்னு அழகா இருக்கணும்னு பார்த்தேன். அதான் இப்படி ஆயிடுச்சு" என்றாள்.

காசிநாதன் அவளையே பார்த்தார். காபி டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு தலைத் துண்டை அவிழ்த்தார். முடி கன்னங்கரேலென்று இருந்தது. நெற்றியும் காதோரமும் தடித்துத் தக்காளியாய்ச் சிவந்திருந்தன.

"நேத்து டை அடிச்சேன்" என்றார். "வெள்ளை ஜாஸ்தியாத் தெரியுதுன்னு கடைப் பையனுவ சொன்னானுவ. ராத்திரிலேர்ந்து எரியுது. பஸ்ல வரும்போது திரும்பிப் போயிடலாமான்னுகூட நெனச்சேன்."

மாரியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கும்போது கன்னம் வலித்து, "ஐயோ" என்றாள். அவர் சிரித்தபோது நெற்றி வலித்திருக்க வேண்டும், அவரும் கையை வைத்துக்கொண்டார். அரசு எழுந்து வாசல் பக்கம் போய் நின்றுகொண்டான்.

இளமதி இன்னொரு துணியை நனைத்துக்கொண்டு வந்தாள். "அண்ணே, இதை நெத்தில வையுங்க. மாத்திரை ஒண்ணு தரேன். இனிமே டை மட்டும் தொடவே தொடாதீங்க."

"சரி தங்கச்சி" என்றார் அவர், சின்னப் பிள்ளைபோல.

அன்று பெண் பார்க்கும் பேச்சே நடக்கவில்லை. இருவரும் ஈரத் துணியை வைத்துக்கொண்டு வஞ்சிரத்தின் விலையையும் ஐஸ் சரியாக வராததையும் பேசிக்கொண்டிருந்தார்கள். கிளம்பும்போது காசிநாதன், "முகம் ஆறினதும் சொல்லுங்க. அவசரம் இல்ல" என்றார். மாரியம்மாள், "உங்களுக்கு ஆறினதும் நீங்களும் சொல்லுங்க" என்றாள்.

கோடுகள் மறையப் பல வாரம் ஆயிற்று. அது வரைக்கும் இளமதி எதையும் போட விடவில்லை. ஆறிய பிறகு பழைய கலவையையே, இன்னும் லேசாக, புதிதாகச் செய்தாள்.

ஆவணியில் சிதம்பரத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் கல்யாணம். விடியற்காலை அலங்கார அறையில் பியூட்டிஷியன் வருவதற்கு முன்னால் இளமதி நாத்தனாரை ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, விரல் நுனியில் சீரத்தை எடுத்து நெற்றி, கன்னம், தாடை என்று மெதுவாகத் தடவினாள். மங்கு முழுதாகப் போயிருக்கவில்லை. விளிம்பு மட்டும் மங்கியிருந்தது.

"எங்கம்மா போனதுக்கப்புறம் என் மொகத்தை இப்படி யாரும் தொட்டதில்ல" என்றாள் மாரியம்மாள், கண்ணைத் திறக்காமல்.

இளமதி காய்ந்துபோன இடத்திலும் இன்னொரு தடவை தடவினாள். வெளியே மேளக்காரர்கள் வந்து இறங்கும் சத்தம் கேட்டது. நரைத்த தலையோடு காசிநாதன் யாரையோ உரக்க வரவேற்றுக்கொண்டிருந்தார்.