கட்டைவிரலில் ஒரு ரிசப்ஷன்

மேடவாக்கத்தில் தண்ணி லாரிக்கு வழிவிட்டு ஒதுங்கியபோது என் வலது கால் கட்டைவிரலில் கல் குத்திவிட்டது. லாரி போய்விட்டது, வீக்கம் போகவில்லை. டாக்டர் அனுப்பிரியா விரலை அழுத்திப் பார்த்தார். அது அசையக்கூட இல்லை.

"திங்கக்கிழமை வரைக்கும் மருந்து குடுத்துப் பார்க்கலாம் சார். கேக்கலேன்னா விரலை எடுத்துடணும்."

"ஏன் டாக்டர், ரத்தத்துல வெள்ளை அணு இல்லையா?"

"நிறைய இருக்கு, வேலைதான் பார்க்கல. நம்ம செல் ஒவ்வொண்ணு மேலயும் முடி மாதிரி சர்க்கரைச் சங்கிலி இருக்கும். நோய்க்குச் சொல்ற சர்க்கரை இல்ல, இது வேற. வெள்ளை அணு அதோட நுனியைத் தொட்டுப் பார்க்கும். நம்ம ஆளுன்னா விட்டுடும். உங்க விரல்ல இருக்கிற கிருமி அதே நுனியை மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கு."

என் மனைவி தபீதாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கிருமிக்குக்கூட இவர்கிட்ட சொந்தம் கொண்டாடத் தோணுது பாருங்க."

சேலையூர் வீட்டுக்கு வந்து, மத்தியானம் காய்ச்சலோடு படுத்தேன். இனிமேல் சொல்வதில் ஒரு வார்த்தைகூட நான் கூட்டவில்லை.

கண் செருகியதும் சுருங்க ஆரம்பித்தேன். தலையணை மைதானமானது. என் மூச்சே என்னை உள்ளே இழுத்துக்கொண்டது. உள்ளே ரத்தம் வெதுவெதுவென்று, மழைநாள் ஜிஎஸ்டி ரோடு மாதிரி ஓடியது. இதயம் எங்கோ தூரத்து ரயிலாகக் கேட்டது. மிதந்து மிதந்து முழங்காலைத் தாண்டிக் கட்டைவிரலில் இறங்கினேன். அங்கே கல்யாண ரிசப்ஷன் நடந்துகொண்டிருந்தது. குரோம்பேட்டை மண்டபம் போலவே சீரியல் லைட். எல்லோரும் தண்ணீருக்குள் நடப்பவர்களைப் போல மெதுவாக நடந்தார்கள்.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் குடும்பத்து ஆண்கள் எல்லோரும் ஒரே துணியில் சட்டை தைத்துப் போடுவது வழக்கம். இங்கே எல்லோர் மேலும் ஒரே மாதிரி கற்கண்டுச் சரம் தொங்கியது. வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு குண்டாக ஒரு வெள்ளை அணு நின்றான். பெயர் பிரிட்டோவாம். சரத்தின் நுனியைத் தொட்டுத் தொட்டு, "நம்ம ஆளு, உள்ள போ நைனா" என்று ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்தான்.

"இன்னா பெருசு, உன் விரலுக்கு நீயே லேட்டா வர்றே?"

"உள்ளே கிருமி பூந்திருக்குடா."

"அட சும்மா இரு. தொட்டுப் பாத்துத்தான் வுட்டேன். அல்லாம் சொந்தக்காரங்க."

உள்ளே போனேன். பந்தியில் பாதிப் பேர் பிரியாணியைத் தொடவில்லை, என் சதையைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள்.

ஒருவனிடம் கேட்டேன். "நீங்க மாப்பிள்ளை வீடா, பொண்ணு வீடா?"

"ரெண்டும்தான்" என்றான், வாய் நிறைய என் விரலோடு.

சரத்தைப் பார்த்து ஆளைப் பிரிக்க முடியாது என்று புரிந்தது. மேடையேறி மைக்கைப் பிடித்தேன்.

"தபீதாள் வர்றா!"

என் உடம்பில் பிறந்த செல் ஒவ்வொன்றும் எழுந்து நின்றது. ஒன்று அவசரமாக வாயைத் துடைத்தது. ஒரு கிழட்டு செல் கையிலிருந்த லட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தது. மற்றவர்கள் மட்டும் தலை நிமிராமல் தின்றார்கள். "யாரு தபீதாள்?" என்றான் ஒருவன்.

பிரிட்டோவின் கிண்ணத்தைப் பிடுங்கி, உட்கார்ந்திருந்தவர்கள் முதுகிலெல்லாம் சந்தனத்தை அப்பினேன்.

"சந்தனம் இருந்தா சரத்தைப் பார்க்காதே. முழுங்கு."

"இத்தை மொதல்லயே சொல்றதுக்கு இன்னா, பெருசு?" என்றான் பிரிட்டோ. தன் ஆட்களைக் கூப்பிட்டான். பாயசம் குடிப்பது மாதிரி, அவசரமே இல்லாமல் விழுங்கினார்கள். விளக்குகள் பால் நிறமாகி, மண்டபம் கரைந்து, நான் வியர்வையில் நனைந்து கிடந்தேன்.

திங்கட்கிழமை டாக்டர் சிரித்தார். "மருந்து கேட்டுடுச்சு சார். விரலை எடுக்க வேணாம்."

நல்ல பெண், சந்தோஷப்படட்டும் என்று நானும் தலையாட்டினேன்.

வீட்டில் தபீதாளிடம் நடந்ததைச் சொன்னேன். கட்டு மாற்றப் பஞ்சும் மருந்துமாக எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"என் பேரைக் கேட்டு எந்திரிச்சு நின்னுச்சா? நான் என்ன பிசாசா? காட்டுங்க காலை!"

நான் காலை நீட்டவே இல்லை. அதற்குள் கட்டைவிரல் தானாக விறைத்து நிமிர்ந்து நின்றது.