கேதத்துக்கு முந்தி வந்தவர்கள்

விராலிமலை தாண்டி நாலுவழிச் சாலையை விட்டு இறங்கியதும் வண்டி குலுங்க ஆரம்பித்தது. அன்புமொழி முழங்காலை ஸ்ட்ரெச்சர் கம்பியில் முட்டுக்கொடுத்துக்கொண்டு பையை அமுக்கினாள். ரப்பர் பை. அப்பாவின் தொண்டைக்குள் இறங்கும் குழாயில் மாட்டியிருந்தது. அமுக்கினால் அப்பாவின் நெஞ்சு ஏறும், விட்டால் இறங்கும். "ஒங்க மூச்சுக்கூடவே அமுக்குங்க, தப்பாது" என்று நர்ஸ் சொல்லிக்கொடுத்திருந்தாள். திருச்சியிலிருந்து ரத்தினவேல் தன் மகளின் மூச்சைத்தான் விட்டுக்கொண்டு வந்தார்.

பையை அமுக்கத் தெரிந்த ஆளோடு வரும் ஆம்புலன்சும் உண்டு. அதற்கு வாடகை வேறு. மகளுக்குக் கை இருக்கும்போது ஆள் எதற்கு என்று இதைப் பிடித்தார்கள்.

"கை வலிச்சாச் சொல்லுங்க தங்கச்சி, ஓரங்கட்டுறேன்" என்றார் டிரைவர் சார்லஸ்.

"வலிக்கலண்ணே." பொய்தான். தோள்பட்டை கழன்றுவிடும்போல இருந்தது.

மூளையில் ரத்தக்குழாய் வெடித்து வயலில் விழுந்தவரை முதலில் பெரியாஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள். அங்கே காசு கேட்கவில்லை. ஆனால் மூச்சு மிஷின் ஒன்றும் காலியில்லை. திருச்சியில் ஒரு தனியாரில் மிஷின் காலியாக இருந்தது, காசுதான் கேட்டார்கள். காப்பீட்டு அட்டை ஆபரேஷனோடு கையை விரித்துவிட்டது. ஆடுகள் போயின, அம்மா ராக்காயியின் தோடு போனது. விற்க ஒன்றுமில்லை என்று ஆனதும் டாக்டர் தரையைப் பார்த்தபடி, "வீட்டுக்குக் கொண்டுபோறதுன்னா கொண்டுபோங்க. மிஷினை எடுத்தா மூச்சு நிக்காதுன்னு சொல்ல முடியாது" என்றார்.

ராக்காயி அப்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "வெளிய செத்தா வாசப்படி ஏத்த மாட்டாங்க. அவரு கட்டுன வீட்டுக்குள்ள உசுரோட போகணும். அதை மட்டும் செஞ்சு குடு தாயி." அன்புமொழி செய்துகொடுத்தாள்.

பொன்னமராவதிப் பக்கம் அவர்கள் ஊருக்குள் வண்டி நுழைந்தபோது வீட்டு முன்னால் பந்தல் போட்டாகிவிட்டது. நாற்காலிகள் வந்து இறங்கியிருந்தன. பறைக்காரர்கள் சுள்ளி கொளுத்திப் பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா வெள்ளைச்சாமி நேற்றே எல்லோருக்கும் கேதம் சொல்லிவிட்டிருந்தார். தம்பி மேல் பாசமில்லாதவர் அல்ல. தூரத்துச் சனம் வந்துசேர வேண்டுமே என்ற கவலை அவருக்கு. வண்டிக் கதவு திறந்ததுமே பெண்கள் ஓவென்று ஒப்பாரியை எடுத்துவிட்டார்கள்.

அப்பாவை உள்ளே கட்டிலில் கிடத்தினார்கள். ராக்காயி பாலைத் தொட்டு உதட்டில் வைத்தாள். பெரியப்பா அன்புமொழியின் தோளைத் தொட்டு, "விடு தாயி, போதும்" என்றார்.

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்புமொழி குழாயிலிருந்து பையைக் கழற்றினாள்.

நெஞ்சு இறங்கியது. பெரியப்பா துண்டை வாயில் பொத்திக்கொண்டார்.

அப்புறம் நெஞ்சு ஏறியது.

குழாய் வழியே மெல்லிசாக விசில்போல ஒரு சத்தம். மறுபடி இறங்கியது, ஏறியது. வெளியே அழுதுகொண்டிருந்தவர்களுக்கு யாரோ போய்ச் சொல்ல, ஒப்பாரி பாதியில் அறுந்தது. அன்புமொழிக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது பயம்தான்.

"மூச்சு விடுறாரு பெரியப்பா! வாங்க, திருப்பிக் கொண்டுபோயிருவோம்."

"எங்கிட்டு கொண்டுபோவ? திருச்சிக்கா? எதைக் குடுத்து?"

பெரியாஸ்பத்திரி வார்டில் வேலை பார்க்கும் திருமுருகன் நம்பர் அவளிடம் இருந்தது. கூப்பிட்டாள். "மிஷின் ஒண்ணும் காலியில்லம்மா. காலியானாக் கூப்புடுறேன்" என்றான். சரி, ஆனது ஆகட்டும், அங்கே போய் வாசலிலாவது காத்துக் கிடப்போம் என்றாள். ராக்காயி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"வழியில போயிட்டா? உள்ள வந்த மனுசன வெளிய எடுக்காதடி. நல்லா இருப்ப."

இப்படியே வெயில் ஏறியது. ஐஸ்பெட்டி வந்து பந்தலில் இறங்கியது. கொண்டுவந்தவன் விஷயம் தெரியாமல் பிளக்கைச் செருகிவிட்டான். காலிப்பெட்டி உர்ரென்று குளிர்ந்துகொண்டிருந்தது. வந்த சனம் போகவும் முடியாமல், அழவும் முடியாமல் டீ குடித்தது. சார்லஸும் வண்டியை எடுக்கவில்லை, ஓட்டுவதற்கு என்னவோ அவருக்கு மனசு வரவில்லை. மணமேல்குடியிலிருந்து பஸ் மாறி மாறி வந்த அத்தை, வாசலிலேயே மாரில் அடித்துக்கொண்டு நுழைந்து, யாரும் தடுப்பதற்குள் அண்ணன் நெஞ்சில் மாலையைச் சாத்திவிட்டாள். மாலை ஏறி இறங்கியது. அத்தை வாயைப் பிளந்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னைக்கே எடுக்குறதா, நாளைக்கா?" என்று வெளியே யாரோ கேட்டார்கள். அப்பாவுக்கு அது கேட்டிருக்குமோ என்று அன்புமொழிக்குப் பட்டது. எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். காலையிலிருந்து அவருக்குக் கேட்டிருக்கக்கூடியதையெல்லாம் எந்தக் கதவைக் கொண்டு சாத்துவது?

வெயில் சாயும் நேரத்தில் போன் அடித்தது. திருமுருகன். "ஒண்ணு காலியாயிருக்கும்மா. ஒடனே கெளம்புனாச் சொல்லி வைக்கிறேன். இங்கிட்டு வெளிய வேற ரெண்டு பேரு நிக்கிறாங்க."

எப்படிக் காலியானது என்று வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, "வாரோம்ணே" என்றாள்.

"ஏய், கிறுக்கா பிடிச்சிருக்கு?" பெரியப்பா வாசலை மறித்தார். "வழியில ஏதாச்சும் ஆனா மறுபடி உள்ள ஏத்த விடுவாங்களா?"

ராக்காயி எழுந்தாள். புருசன் நெஞ்சிலிருந்த மாலையைப் பிடுங்கி மூலையில் எறிந்தாள்.

"போனாத் தெருவுல வச்சு அழுதுக்கிறேன். தூக்குங்க."

சார்லஸ் ரப்பர் பையை எடுத்துக்கொண்டு வண்டிக்கு ஓடினார். நாலு பேர் கட்டிலைத் தூக்கினார்கள். அப்பாவின் கால் வாசலைப் பார்த்து இருந்தது.

"நில்லுங்க!" என்று கத்தினாள் ராக்காயி. "கால் முன்னால போறதுக்கு இது என்ன பொணமா? திருப்புங்க. தலை முன்னால வரட்டும்."

சின்ன அறை. கட்டிலைச் சாய்க்கவும் முடியவில்லை. பின்னால் போனார்கள், முன்னால் வந்தார்கள், சுவரில் சுண்ணாம்பு உரிந்தது, காலண்டர் விழுந்தது. அன்புமொழி அப்பாவின் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு கூடவே சுற்றினாள். கட்டில் ஒருவழியாகத் திரும்பி நின்றபோது விசில் சத்தம் கேட்கவில்லை. கையை அழுத்திப் பார்த்தாள். காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. அப்பா அவர் கட்டின வீட்டுக்குள்ளேயே போய்விட்டார்.

"இருக்காராடி?" வாசலிலிருந்து அம்மா கேட்டாள்.

"இருக்காரும்மா. வழி விடச் சொல்லு."

தலை முன்னால் வருவதைப் பார்த்த பறைக்காரர்கள் தோளில் மாட்டிய பறையைக் கழற்றி வைத்தார்கள். ராக்காயி முன்னால் ஓடி, பந்தலில் கிடந்த நாற்காலிகளை ஓரமாக இழுத்துப் போட்டு வழி செய்துகொண்டிருந்தாள்.