கெட்டில் ஃபோர்க்கைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை

1

இந்தக் கதையை எழுதச் சொன்னது கோலீன். எங்கள் ஊரில் பனிச்சறுக்குக்கான ஸ்கீ மலையை நடத்துகிறவள். டிக்கெட் கொடுப்பதும் அவள்தான், ஆட்களை உச்சிக்குத் தூக்கிப்போகும் கம்பிவட லிஃப்டுக்குக் கிரீஸ் போடுவதும் அவள்தான். நடந்ததை நடந்தபடி எழுது, ஆனால் நாம் நல்லவர்களாகத் தெரிய வேண்டும் என்றாள். இரண்டும் சேர்ந்து நடக்காது என்றேன். அப்புறம் நீ என்ன எழுத்தாளர் என்று கேட்டுவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

ஆக, இது எனக்குத் தானாகத் தோன்றிய கதை இல்லை, அவள் உத்தரவு போட்டு வாங்கிய கதை. முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"மொன்டானாவின் மேற்கு மூலையில், வெள்ளைப் போர்வை போர்த்திய மலைகளின் மடியில்..."

வேண்டாம். போர்வை என்று எழுதியதும் எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது. பனியைப் போர்வை என்கிறவர்கள் அதை ஒருநாளும் மண்வெட்டியால் அள்ளிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இரண்டாவது: "ஜோயெல் ப்ரூயிட் காரிலேயே தூங்கிப் பழகியவள்." இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

2

ஜோயெல் ப்ரூயிட் காரிலேயே தூங்கிப் பழகியவள். டாக்டர் பக்கத்தில் இல்லாமலே மருந்து எழுதிக் கொடுக்க உரிமம் உள்ள மூத்த நர்ஸ். வேலை பார்த்தது பெயர் பெற்ற ஒரு ஸ்கீ ஊரில். (எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். பத்திரிகை அட்டையில் நீங்களே பார்த்திருப்பீர்கள்.) அங்கே வீடு வாங்கிப் போட்டிருப்பவர்கள் கிறிஸ்துமஸ் வாரத்துக்கு மட்டும் வருவார்கள். அவர்கள் உடைத்துக்கொள்ளும் கால்களுக்குக் கட்டுப் போடுகிறவளுக்கு வாடகைக்கு ஓர் அறை கிடைக்காது. லிஃப்டுக்கு வரிசை, காப்பிக்கு வரிசை, காரை நிறுத்துவதற்கும் வரிசை. ஸ்கீ போக வேண்டும் என்றுதான் அந்த ஊரில் வேலைக்குச் சேர்ந்தாள். போன குளிர்காலத்தில் மலைக்குப் போக முடிந்தது ஒன்றிரண்டு நாள்தான்.

அதனால் கூட்டமில்லாத, தன் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகிற ஸ்கீ ஊர் ஒன்றைத் தேடிக் கிளம்பினாள். மூன்று ஊர்களில் விண்ணப்பம் போட்டிருந்தாள். ஒவ்வொரு ஊருக்கும் நேர்முகத்துக்கு முந்தின நாளே போய், யாரென்று சொல்லாமல், மக்கள் கூடுகிற இடத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துப் பார்ப்பாள்.

[இங்கே எனக்கே ஒரு சந்தேகம். இவ்வளவு உஷாரான பெண் கதையில் வந்தால் வாசகர் நம்புவாரா? கொஞ்சம் அசட்டுத்தனம் சேர்க்கலாமா என்று யோசித்தேன். ஆனால் அடுத்த பகுதியில் அசட்டுத்தனம் போதும் போதும் என்கிற அளவுக்கு வருகிறது, எங்கள் தரப்பிலிருந்து.]

3

எங்கள் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரான கெட்டில் ஃபோர்க்கின் ஒரே மருத்துவமனை இரண்டு அறைகள் கொண்டது. அதன் நர்ஸ் வசந்த காலத்தில் ஓய்வு பெற்று, கடல் பார்க்க வேண்டும் என்று ஓரிகனுக்குப் போய்விட்டார். நர்ஸ் இல்லாத ஊரில் ஸ்கீ மலைக்குக் காப்பீடு தர முடியாது என்று கம்பெனி சொல்லிவிட்டது. காப்பீடு இல்லாமல் லிஃப்டை ஓட்டக் கூடாது. லிஃப்ட் ஓடாவிட்டால் எங்கள் ஊர் வெறும் பெட்ரோல் பங்க்தான். விண்ணப்பித்திருந்தது ஒரே ஒருத்தி, ஜோயெல்.

அவளைத் தேர்ந்தெடுக்க வேண்டிய குழுவில் மூன்று பேர். பார் வைத்திருக்கும் வேட் ஹட்சன்ஸ், கோலீன், பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் நான். என் பெயர் தமயந்தி. இங்கே டாமி.

எங்கள் ஊர்ப் பழக்கத்தையும் சொல்ல வேண்டும். மற்ற ஊர்க்காரர்கள் வெளியூர்க்காரரைக் கண்டால் தங்கள் ஊரைப் புகழ்வார்கள். நாங்கள் இகழ்வோம். பனி எப்படி என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், ஆளுக்கு ஆள் போட்டி போட்டுக்கொண்டு ஊர் மானத்தை வாங்குவோம். வெளியூர்க்காரர் காதுபட ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டவர் அன்று பாரில் இருக்கும் அத்தனை பேருக்கும் தன் செலவில் குடிக்க வாங்கிக் கொடுக்க வேண்டும். இது கஞ்சத்தனம் என்று நினைப்பீர்கள். இல்லை. எங்களிடம் இருப்பது எவ்வளவு நல்லது என்று எங்களுக்குத் தெரியும். தெரிந்ததை ஏன் ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்க வேண்டும்?

4

நவம்பரில் ஒரு பிற்பகல். சிவப்புத் தொப்பி போட்ட ஒருத்தி வேடின் பாருக்குள் வந்து சூப் வாங்கிக்கொண்டு, இங்கே பனி எப்படி என்று கேட்டாள்.

வேட் குவளையைத் துடைப்பதை நிறுத்தாமல், பனியெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் ஐடஹோவில் விழுந்துவிடும், இந்தப் பக்கம் காற்று மட்டும்தான் வரும் என்றான். கோலீன் தன் சொந்த லிஃப்டையே நாறடித்தாள். பாதி வழியில் நின்றுபோகும், போன வருடம் ஒரு பல் டாக்டர் அந்தரத்தில் தொங்கியபடி மனைவிக்குப் போன் போட்டு உயில் சொன்னார் என்றாள். (சுத்தப் பொய். அவள் கைபட்ட பிறகு அந்த லிஃப்ட் ஒருநாளும் அப்படி நின்றதில்லை. இதை எழுதும்போதுகூட எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.)

தொப்பிக்காரி என் பக்கம் திரும்பினாள்.

"கால் கீல் உடைஞ்சா என்ன பண்ணுவீங்க? டாக்டர் யாராவது இருக்காங்களா?"

"மாட்டு டாக்டர் ஒருத்தர் இருக்காரு. கைராசிக்காரர். இதுவரைக்கும் ஒரு மாடும் குறை சொன்னதில்ல."

பாரே சிரித்தது. சிரிப்புக் கிடைத்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. மருத்துவமனை என்று பெயருக்கு ஒன்று உண்டு, மூன்று கிறுக்குகள் சேர்ந்து நடத்துகின்றன, வருகிற நர்சுகள் துணிமணியைக்கூட எடுக்காமல் அழுதுகொண்டே ஓடிவிடுகிறார்கள் என்று எடுத்துவிட்டேன். அவள் சூப்பைக் குடித்து முடித்தாள், வேடுக்குத் தாராளமாகவே டிப்ஸ் வைத்தாள், நன்றி சொல்லிவிட்டுப் போனாள். இன்றைக்கு உனக்குத்தான் முதல் பரிசு என்று கோலீன் என் முதுகில் தட்டினாள்.

5

"மறுநாள் காலை மருத்துவமனைக் கதவு திறந்தபோது எங்கள் மூவரின் முகமும்..."

இந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை. முகம் எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

ஜோயெல் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தாள். "அந்த மூணு கிறுக்குங்க நீங்கதானா?" என்று கேட்டாள். வேடும் தன் தொப்பியைக் கழற்றினான். இத்தனை வருடப் பழக்கத்தில் அவன் உச்சந்தலையை நான் பார்த்தது அன்றுதான்.

அவள் கோபப்படவில்லை. மற்ற இரண்டு ஊர்களுக்கும் போய்வந்ததைச் சொன்னாள். ஒன்றில் அவள் வாயைத் திறக்கும் முன்பே வழவழப்பான புத்தகம் ஒன்றைக் கையில் திணித்தார்களாம். இன்னொன்றில் வேலையை உடனே தருவதாகச் சொல்லி, வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்டிருக்கிறார்களாம்.

"இங்க மட்டும்தான் ஒருத்தர் வாயிலயும் ஒரு நல்ல வார்த்தை வரல. இப்ப சொல்லுங்க, கேக்கறேன்."

அந்த மலையின் முதல் சரிவைக் கோடரியால் மரம் வெட்டித் திறந்தது வேடின் தாத்தா. சொல்ல வேண்டுமென்றால் அவன்தான் சொல்ல வேண்டும். தொண்டையைச் செருமினான். ஜன்னலைப் பார்த்தான்.

"மோசமில்ல," என்றான். அது போதாது என்று அவனுக்கே தோன்றியிருக்க வேண்டும். "ரொம்பவே மோசமில்ல."

(தன் கல்யாணத்தன்று மணப்பெண்ணைப் பற்றியும் அவன் இதையேதான் சொன்னான். ஜோயெலுக்கு அது தெரியாதே.)

நானும் வாயைத் திறந்தேன். நாக்கு நுனிவரை வந்தது மறுபடியும் மாட்டு டாக்டர்தான். பழக்கம் என்பது அவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. ஊரே கையைவிட்டுப் போகப் போகிறது, நாங்கள் மூன்று பேரும் திருதிருவென்று விழித்தபடி உட்கார்ந்திருக்கிறோம். கடைசியில் கோலீன் எழுந்தாள்.

"எங்களுக்குப் பேச வராது. காட்டத்தான் வரும். ஸ்கீ கொண்டுவந்திருக்கியா?"

"வண்டில இருக்கு."

"எடு. இன்னைக்கு நல்லதாப் பேசினாலும் யாரும் யாருக்கும் வாங்கித் தர வேணாம்."

6

லிஃப்டைத் தொடக் கூடாது என்பதால், சரிவைச் சமன்படுத்தும் சங்கிலிச் சக்கர வண்டியில் எங்களை ஏற்றி உச்சிக்கு ஓட்டினாள் கோலீன். மூன்று நாளாக மேலே பனி கொட்டியிருந்தது. ஒருவர் கால்கூடப் படவில்லை.

எழுத்தாளர்கள் இந்த இடத்தில் மலையை வர்ணிப்பார்கள். நானும் முயன்றேன். எழுதியதையெல்லாம் அடித்துவிட்டேன். ஜோயெலும் மலையைப் பார்க்கவில்லை. அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து பெரிய பொய் சொன்னது நீங்கதான். அதனால உங்ககிட்டயே கேக்கறேன். எதுக்கு இங்க இருக்கீங்க?"

இந்த இடத்தைக் கதைக்காக மெருகேற்றலாம். செய்யவில்லை. நான் சொன்னது இவ்வளவுதான், திக்கித் திணறியதை மட்டும் எடுத்துவிட்டேன்:

"வாடகை கம்மின்னுதான் வந்தோம், நானும் எங்க வீட்டுக்காரரும். ஒரு குளிர்காலம் இருந்து பாப்போம்னு. வந்த மாசமே கதவை மூடுற அளவுக்குப் பனி. காலைல எழுந்து பாத்தா யாரோ அள்ளி வழி பண்ணியிருந்தாங்க. யாருன்னு இன்னி வரைக்கும் ஒருத்தரும் ஒத்துக்கல. அப்புறம் நானும் எத்தனையோ வாசல் அள்ளியிருக்கேன், நானும் சொன்னதில்ல. இங்க லிஃப்ட் ஓட்டுறவளுக்குச் சொந்த வீடு இருக்கு. கணக்கு டீச்சர் எனக்கும் இருக்கு. வெள்ளிக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடத்தைப் பூட்டிட்டு மொத்தப் பிள்ளைங்களோட மலைக்கு வந்துடுவேன். வகுப்புல வாயே திறக்காத பொண்ணு இங்க எனக்கு முன்னால பறக்கும், 'டாமி, சீக்கிரம் வா'ன்னு கத்திக்கிட்டே. காலைல நான் ஸ்கீல போட்ட தடம் சாயங்காலம் அப்படியே இருக்கும். அதுக்கு மேல யாரும் போயிருக்க மாட்டாங்க. எத்தனை பேருக்கு இந்த உலகத்துல அப்படி ஒரு தடம் இருக்கு, சொல்லு? இதைவிட நல்ல ஊர் எனக்குத் தெரியாது. இருந்தா போய்ப் பாத்துக்கோ."

(நீ, நீங்க என்ற வேறுபாடு நாங்கள் பேசிக்கொண்ட ஆங்கிலத்தில் கிடையாது. அவள் எனக்கு மரியாதை கொடுத்தாள், நான் உரிமை எடுத்துக்கொண்டேன் என்பது என் கணக்கு.)

ஊரைப் பற்றி ஒரு வெளியூர்க்காரியிடம் நான் நல்லதாகப் பேசியது அதுதான் முதல் முறை. இவ்வளவு பெருமை எனக்குள் எங்கே கிடந்தது என்று எனக்கே தெரியவில்லை. வேட் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றான். கோலீன் மூக்கை உறிஞ்சியது குளிரால்தான் என்று எழுதும்படி கேட்டுக்கொண்டிருக்கிறாள். எழுதிவிட்டேன்.

ஜோயெல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சரிவின் நடுவில் நேராக இறங்கிப் போனாள்.

7

இனி முடிவு.

முதல் முடிவில் அவள் அடிவாரத்தில் நின்று, எப்போது வேலைக்குச் சேரலாம் என்று கேட்கிறாள். கோலீனுக்கு இது பிடித்திருந்தது. எனக்குப் பாயசத்தில் இன்னும் ஒரு கரண்டி சர்க்கரை போட்ட மாதிரி இருந்தது.

இரண்டாம் முடிவில் அவள் மற்ற ஊருக்குப் போய்விடுகிறாள், லிஃப்ட் துருப்பிடிக்கிறது, வேட் பாரை விற்கிறான். இலக்கியப் பத்திரிகைகள் இதைத்தான் விரும்பும். இதைச் சொன்னதும் கோலீன் என் ஸ்கீ சீசன் பாஸைப் பிடுங்கிவிடுவதாக மிரட்டினாள். வேட் மட்டும், பாரை யார் வாங்குகிறார்கள் என்று கேட்டான்.

நடந்தது இது. அடிவாரத்தில் அவள் ஸ்கீயைக் கழற்றி வண்டியில் வைத்தாள். நாங்கள் மூவரும் பக்கத்தில் நின்றோம். வழியனுப்பி வழியனுப்பி எங்களுக்கு ஒரு விஷயம் பழகிவிட்டது. திரும்பி வராதவர்கள், எவ்வளவு அழகான இடம், ரொம்ப நன்றி என்று சொல்வார்கள். இருக்கப் போகிறவர்கள் அழகைப் பற்றிப் பேசவே மாட்டார்கள், காய்ந்த விறகு எங்கே கிடைக்கும் என்று கேட்பார்கள். அதனால் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் எஞ்சினைக் கிளப்பினாள். முன்கண்ணாடியில் படிந்த பனியைத் தள்ளினாள். பிறகு பக்கத்துக் கண்ணாடியை இறக்கி, ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்.

அது எந்த வாக்கியம் என்று கோலீனுக்குத் தெரியும், வேடுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். உங்களுக்குச் சொல்ல மாட்டேன். உச்சியில் அவள் காதில் விழுந்ததெல்லாம் உங்கள் காதிலும் விழுந்தது. அதற்கு மேல் அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. நான் பேசியதை நீங்கள் நம்பவில்லையென்றால், அவள் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டாள், மலை மூடிக் கிடக்கிறது. நம்பியிருந்தால், வேட் இந்நேரம் அவளுக்காக விறகு அடுக்கிக்கொண்டிருக்கிறான்.