தக்காளிப் பாத்தி மண்

புழு இருக்கிறதா என்று பார்க்க, வயல் மண்ணைப் பையில் போட்டுக் கொடுக்கச் சொன்னார்கள் அரசாங்க ஆட்கள். ஹிரோசாவா தொக்குசோ வயல் பக்கமே போகவில்லை. வீட்டுக்குப் பின்னால் தக்காளிப் பாத்தியில் மூன்று கரண்டி மண் அள்ளிப் போட்டு, பையின் மேல் வயலின் எண்ணை எழுதினார். அந்த இடத்தில் உருளைக்கிழங்கு நட்டதே இல்லை. புழு எங்கிருந்து வரும்?

பக்கத்து ஊரில் கிழங்குச் செடியின் வேரைத் தின்னும் வெள்ளை நூற்புழு பிடிபட்டிருந்தது. அதன் இன்னொரு வகையான மஞ்சள் புழு என்றால் சமாளிக்கலாம், அதைத் தாங்குகிற கிழங்கு உண்டு. வெள்ளை வந்தால் அந்த நிலத்தில் கிழங்கு நடவே விடமாட்டார்கள். ஹொக்கைடோவின் அந்தக் குளிர்க் கரையில் கிழங்கை விட்டால் அவருக்கு வேறு பிழைப்புத் தெரியாது. அரசாங்க ஆட்களையோ அவர் நம்பியதே கிடையாது. அதனால்தான் இந்த வேலை.

பன்னிரண்டாம் நாள் ஆய்வுக்கூடத்துக்கு வரச் சொன்னார்கள். மினெகிஷி என்ற பெண் நுண்ணோக்கியில் கண்ணை வைக்கச் சொன்னாள். குண்டூசித் தலையளவு பழுப்புப் பை. செத்த தாய்ப்புழுவின் உடம்பாம், உள்ளே முந்நூறு முட்டையாம். வாலோரத்தை வெட்டி, அங்குள்ள இரண்டு துளைகளுக்கு நடுவே வரிகளை எண்ணுவார்களாம். வரி நிறைய இருந்தால் மஞ்சள், குறைந்தால் வெள்ளை. இதில் பதின்மூன்று. ரெண்டுங்கெட்டான்.

"எண்ணத் தெரியலன்னு சொல்லிட்டுப் போயேம்மா."

"எண்ணத் தெரியும் ஐயா. ஒடம்பு சொல்லாததை மரபணு சொல்லிடுச்சு. வெள்ளைதான். உங்க வயலை மூடணும்."

"ஒங்க மெஷின் பொய் சொல்லுது. கெழங்கே நடாத எடத்துல புழு எப்படிம்மா வரும்?"

வாய் தவறிவிட்டது. அவள் அவரையே பார்த்தாள். வயலில் கிழங்கு நட்டீர்கள்தானே என்று மெதுவாகக் கேட்டாள். இனி மறைத்தால் வயல் போய்விடும். அது தக்காளிப் பாத்தி மண் என்று சொல்லிவிட்டார்.

தக்காளி வேரையும் இந்தப் புழு தின்னும் என்றாள் அவள். பாத்திக்கு அது எப்படி வந்திருக்கும் என்று கேட்டாள். பதில் அவருக்கே அப்போதுதான் விளங்கியது. வயல் மண் ரோட்டில் விழக்கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. மற்றவர்கள் வயல் ஓரத்திலேயே பூட்ஸைக் கழுவினார்கள். அவர் ஒருபடி மேலே போய், பூட்ஸைச் சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து குழாயடியில் கழுவினார். அந்தக் கலங்கல் தண்ணீரை வீணாக்காமல் மனைவி யோஷியே தக்காளிக்குத் திருப்பிவிட்டாள். முப்பது வருஷமாக.

"உங்க வயலைத் திரும்பப் பாக்கறோம்," என்றாள் மினெகிஷி, பேனாவை எடுத்தபடி. "அந்த பூட்ஸு வேற யார் யார் வயல்ல எறங்குச்சு?"

அறுவடை இயந்திரம் ஏழு வீட்டுக்கும் பொது. அதன் மேல் நின்று கிழங்கோடு வரும் கல்லைப் பொறுக்க அவர் ஏறி இறங்காத வயல் கிடையாது. தன் நிலத்தைக் காப்பாற்றத்தான் வாயைத் திறந்தார், இப்போது ஆறு வீட்டை இழுத்துவிட்டார். ஐந்து பெயரைத் தரையைப் பார்த்தபடி சொன்னார். ஆறாவது யோஷியேயின் அண்ணன் இக்காராஷி. மினெகிஷி இரண்டாம் தடவை கேட்ட பிறகுதான் அந்தப் பெயர் வந்தது.

ஒன்பது நாளில் முடிவு வந்தது. வெள்ளை இரண்டு வயலில் இருந்தது. ஒன்று ஹிரோசாவாவுடையது, மற்றது மச்சானுடையது.

அன்று மாலை மச்சான் வாசல்வரை வந்தார். தங்கையிடம் மட்டும் இரண்டு வார்த்தை பேசினார். உள்ளே உட்கார்ந்திருந்தவரைப் பார்க்காமலே போய்விட்டார்.