காக்கை உட்காராத மரம்

யுத்தம் முடிந்த மறு வருஷம், எங்கள் மாதுங்காத் தெருவில் மரம் நட ஒரு கமிட்டி போட்டோம். தலைவர் பஞ்சாபகேசன், ரயில்வேயில் ஹெட்கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். காரியதரிசி நான். நாங்கள் இருவரும் அதற்கு முன் நட்டது துளசி மட்டும்தான். அதற்கும் தண்ணீர் விட்டது எங்கள் மனைவிமார்.

மரங்களுக்கு மார்க் போட பஞ்சாபகேசன் ஒரு கேள்விப் பாரம் தயாரித்தார். பெண்ணுக்கு வரன் பார்த்தபோதுகூட மனுஷர் இத்தனை கேள்வி கேட்டிருக்க மாட்டார். வேம்பு பூ உதிர்த்துக் குப்பை போடும், பத்து மார்க் போச்சு. நாவல் வேஷ்டியைக் கறையாக்கும். அரசு வைத்தால் ஒரே மாதத்தில் யாராவது அடியில் பிள்ளையாரை உட்கார்த்தி உண்டியலும் வைத்துவிடுவார்கள். புங்கை நல்ல நிழல் தரும். நிழல் இருந்தால் கண்டவனும் வந்து உட்காருவான் என்று அதையும் அடித்தார்.

நூற்றில் ஐம்பது மார்க் ஒரே கேள்விக்கு: காக்கை உட்காருமா? தெருமுனைத் தூங்குமூஞ்சி மரத்துக் காக்கைகள் இருபது வருஷம் அவருடைய ஆபீஸ் கோட்டில் எச்சமிட்டிருந்தன. பென்ஷன் வாங்கியும் அந்தக் கோபம் தீரவில்லை.

ஜெயித்தது நெட்டிலிங்கம். கிளை கீழ்நோக்கித் தொங்கும், காக்கைக்கு இடமில்லை, நிழலும் கிடையாது. தொண்ணூற்றெட்டு மார்க். பழைய தூங்குமூஞ்சியை வெட்டிவிடுவதென்றும் தீர்மானம்; அந்த வாரமே வெட்டியும் ஆயிற்று. குழி தோண்ட வந்த தாராவி சொரிமுத்து, காக்கை வராவிட்டால் அது என்ன மரம் என்று கேட்டான். எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன், இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஆடி மாதம் பஞ்சாபகேசனின் தகப்பனார் திவசம் வந்தது. பிராமணர்கள் சாப்பிட்டு எழுந்தாயிற்று. பிண்டத்தைக் காக்கை கொத்தினால்தான் வீட்டில் மற்றவர்களுக்கு இலை போடலாம். மொட்டைமாடியில் வைத்துவிட்டுத் தொண்டை வறளக் கூப்பிட்டார். ஒரு மணி ஆயிற்று, இரண்டு ஆயிற்று, ஒன்றும் வரவில்லை. கீழே நெட்டிலிங்கக் கன்றுகள் வெகு சுத்தமாக நின்றன. உள்ளே பேரக்குழந்தைகள் பசியில் அழுதன. அடுத்த மாடியில் நின்ற என்னைப் பார்த்து, "அப்பா கோச்சுண்டுட்டார் ஓய்," என்றார். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அன்றுதான். எனக்குப் பாவமாகிவிட்டது.

காக்கைகள் எங்கே போயின என்று எனக்குத் தெரியும். ரயில் பாதையைத் தாண்டி இருவரும் தாராவிக்கு நடந்தோம். அவர் மடிப் பஞ்சகச்சத்தோடு, கையில் இலையும் பிண்டமுமாக. சொரிமுத்துவின் குடிசைக்குப் பக்கத்தில் ஒரு புங்கமரம். எங்கள் தெருக் காக்கைகள் அத்தனையும் அதில்தான் குடித்தனம் நடத்தின. இலையைக் கீழே வைத்தார். காக்கைகள் தலையைச் சாய்த்துப் பார்த்தன, ஒன்றும் இறங்கவில்லை.

"இதுக கருவாடு தின்னு பழகுனதுல்லா சாமி," என்றான் சொரிமுத்து. "வெறுஞ்சோத்தத் தொடாது. வேணும்னா ஒரு துண்டு மேல வைக்கட்டா?"

பஞ்சாபகேசன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். மாதுங்காக்காரர்கள் யாருமில்லை, என்னைத் தவிர.

"மேல வேண்டாம்," என்றார். "ஓரமா வை."

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில், அப்பா முதல் குரலுக்கே வந்துவிட்டதாக எல்லோரிடமும் சொன்னார். வந்தவர் முதலில் எதைக் கொத்தினார் என்பதை நான் நடவடிக்கைக் குறிப்பில் எழுதவில்லை.