இலைத் தண்ணீர்

தனலெட்சுமி அக்காவின் பழ வண்டிக்கு முன்னால் எங்கள் வேன் நின்றபோது மாலை நான்கு மணி. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸ் முனை. என் மேலதிகாரி இறங்கிப்போய், கண்ணாடிப் பெட்டியிலிருந்து கொய்யாத் துண்டு ஒன்றை எடுத்து வெயிலில் தூக்கிப் பார்த்தார். காலையில் நறுக்கியது, ஓரம்கூடப் பழுப்பேறாமல் வெள்ளையாக இருந்தது. எதிர்ச்சாரியில் இன்னொருவர் வெட்டி வைத்திருந்த கொய்யா மத்தியானமே கறுத்துவிட்டது. அக்கா பழத்துக்கு மருந்து போடுகிறார் என்று எங்கள் அலுவலகத்துக்கு மொட்டைக் கடிதம் வந்திருந்தது. 1984ஆம் வருடம். நான் சுகாதாரப் பிரிவில் சேர்ந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை.

வண்டிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் வாளி. அதில் பச்சை கலந்த தண்ணீர்.

"இது என்ன?" என்று அதிகாரி மலாயில் கேட்டார்.

"இலைத் தண்ணிதான் சார்" என்று தமிழில் சொல்லிவிட்டு, அக்கா என்னைப் பார்த்தார்.

அது என்னவென்று எனக்குத் தெரியும். வேலை முடிந்து தினமும் அங்கேதான் பழம் தின்பேன். ஒருநாள் அவர் வீட்டுக்கே கூட்டிப்போய்க் காட்டினார். கொய்யாக் கொழுந்தையும் வெற்றிலையையும் கொதிக்க வைத்து, வடிகட்டி, நன்றாக ஆறியபிறகு லீமாவ் கஸ்தூரி என்கிற சின்ன எலுமிச்சையைப் பிழிந்து விடுவார். நறுக்கிய துண்டுகளை அதில் கொஞ்ச நேரம் முக்கி எடுப்பார். எந்த இலை எவ்வளவு என்று பிடிபட இரண்டு வருடம் ஆனதாம். வெற்றிலை கூடினால் பழம் காரமடிக்கும், குறைந்தால் சாயங்காலத்துக்குள் வழவழத்துவிடும் என்றார். ரயிலில் அடிபட்டு ஒரு கால் போன கணவர் கன்னையா திண்டிலே சாய்ந்து உட்கார்ந்தபடி, "இவ ஒரு சயிண்டிஸ்ட் லா தம்பி" என்று சிரித்தார்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "உனக்கு இந்த அம்மாவைத் தெரியுமா?"

ஓசியில் தின்கிறேன் என்று நினைத்துவிடுவாரோ என்று பயந்தேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

"தெரியாது சார்" என்றேன்.

ஒரு போத்தலில் தண்ணீரைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ரோட்டோர லோங்காங் சாக்கடையில் ஊற்றச் சொன்னார் அதிகாரி. ஊற்றியது நான்தான். பழங்களையும் கறுப்புப் பையில் போட்டுக் கட்டினேன். தெருவே நின்று பார்த்தது. அன்றே லைசென்ஸை நிறுத்தி வைத்தார்கள்.

சோதனை முடிவு வர ஏழு வாரம் ஆயிற்று. ரசாயனம் எதுவும் இல்லை, தாவரச் சாறு மட்டுமே என்று இரண்டே வரி. லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்கும் கடிதத்தை நானே கொண்டுபோகிறேன் என்று கேட்டு வாங்கினேன். வீடு பூட்டியிருந்தது. ஜெஞ்சாரோமில் கன்னையாவின் தங்கை வீட்டுக்குப் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கிள்ளான் போய், பஸ் மாறி ஜெஞ்சாரோமில் இறங்கினேன். செம்பனை நாற்றுப் பண்ணையில் கூலி வேலை. அக்கா குந்தி உட்கார்ந்து கறுப்புப் பைகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்தார். முகம் வெயிலில் காய்ந்து இறுகியிருந்தது.

"அக்கா, லைசென்ஸ் கெடைச்சிருச்சு. அதுல ஒண்ணும் இல்லன்னு லேப்ல எழுதிக் குடுத்துட்டாங்க."

"ஒண்ணும் இல்லன்னு எனக்குத் தெரியுமே." சலிப்பில்லாமல்தான் சொன்னார். "ஒங்களுக்கும் தெரியும்."

வாங்க போங்க என்று அவர் என்னிடம் பேசியது அதுவே முதல்முறை.

"பயந்துட்டேன்க்கா."

"பயம் வர்றதுதான். ஆனா ஊத்துனத அத்தன பேரும் பாத்தாங்களே. இனிமே எங்கிட்ட யாரு வாங்கித் திம்பா? மருந்துக்காரின்னு சொல்றாங்களாம்."

"நான் வந்து எல்லார்கிட்டயும் சொல்றேன்."

"அன்னிக்குச் சொல்லியிருக்கணும்."

எழுந்துபோய்த் தண்ணீர்த் தொட்டியில் கையை அலம்பினார். சேலையில் இரண்டு முறை துடைத்தும் செம்மண் முழுதாகப் போகவில்லை. கடிதத்தை இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்து வாங்கி, பிரிக்காமலேயே ஒரு நாற்றின் அடியில் வைத்து, காற்றில் பறக்காதிருக்க மேலே ஒரு கல்லை வைத்தார். மேஸ்திரி எங்கிருந்தோ குரல் கொடுத்தான். அவர் மறுபடி குந்தி உட்கார்ந்து அடுத்த பையின் வாயை விரித்தார்.

நான் ரோட்டுக்கு வந்து திரும்பிப் பார்த்தேன். வரிசை வரிசையாக ஆயிரக்கணக்கான கன்றுகள். யாரோ நீர்க்குழாயைத் திறந்துவிட்டிருந்தார்கள். தண்ணீர் ஒவ்வொரு வரிசையாக நனைத்துக்கொண்டு, கடிதம் இருந்த வரிசையை நோக்கி வந்துகொண்டிருந்தது.